இளைஞர் படங்களும் கடைசிப் பத்து நிமிட நியாயமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் இளைஞர் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு சீக்கிரமே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "இந்த மாதிரிப் படத்தைப் பார்த்துத்தான் பையனுங்க கெட்டுப் போறானுங்க" என்பது ஒரு கட்சி. "ஊர்ல நடக்கிறதைத்தானே காட்டுறான், அதுல என்ன தப்பு?" என்பது இன்னொரு கட்சி. ஒட்டுக்கடை மேசையில் தேநீர் ஆறும்வரை வாக்குவாதம் நடக்கும். அப்புறம் பெரியவர் ஒருவர், "சரி விடுங்கப்பா, கடைசியில நல்ல மெசேஜ் சொல்லியிருக்கான்ல" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தப் பெரியவர் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு படம் சமூகத்தைக் கேள்வி கேட்கிறதா, இல்லை பிள்ளைகளின் சீரழிவைக் காட்டிக் காசு பார்க்கிறதா என்று தெரிந்துகொள்ள, அதில் மெசேஜ் இருக்கிறதா என்று தேடுவது கொஞ்சமும் உதவாது. காசு பார்க்க வந்த படங்களில்தான் மெசேஜ் மிகக் கவனமாக வைக்கப்பட்டிருக்கும். ஏறக்குறைய 90 ஆண்டுகளாக இந்தத் தொழில் அப்படித்தான் நடந்து வருகிறது.

நான் சொல்வது ஒரு குறிப்பிட்ட வகைப் படத்தை. பள்ளி வயதில் இருப்பவர்கள், அல்லது பள்ளியை விட்டு அப்போதுதான் வெளியே வந்தவர்கள்தான் கதை மாந்தர்கள். போதை, உடலுறவு, அடிதடி, வீட்டை விட்டு ஓடுவது, கும்பலில் சேர்வது எல்லாம் திரையில் நேரடியாக வரும். பார்ப்பவரை அதிர வைப்பதுதான் அதன் சரக்கு. அதே சமயம், "ஒரு சமூகப் பிரச்சினையைப் பேசியிருக்கிறோம்" என்று இயக்குநர் பேட்டி கொடுப்பார். அவர் மனதறிந்து உண்மையைச் சொல்லலாம். அவர் மனதுக்குள் நாம் புகுந்து பார்க்க முடியாது. படத்துக்குள் புகுந்து பார்க்கலாம்.

முதலில் பழைய கதை. 1930களில் அமெரிக்காவின் பெரிய ஸ்டுடியோக்கள் ஓர் ஒழுக்க விதித் தொகுப்பை ஏற்றுக்கொண்டன. 1934 முதல் அது கண்டிப்பாக அமலுக்கு வந்தது. போதைப்பொருள், விபச்சாரம், கல்யாணத்துக்கு முந்தைய கர்ப்பம் போன்றவற்றைப் பெரிய நிறுவனங்கள் தொட முடியாமல் போனதும், சின்ன வியாபாரிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர் ஊராகப் படப்பெட்டியோடு போய்த் திரையிட்டார்கள். படம் தொடங்கும்போது திரையில் எழுத்து ஓடும்: பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளைச் சூழ்ந்திருக்கும் இந்தத் தீமையைக் காட்டுவது உங்களை எச்சரிக்கத்தான். இந்த முன்னுரைக்குத் தொழிலுக்குள் தனிப் பெயர்கூட இருந்தது. போலீஸ் வந்தாலும் ஊர்ப் பாதிரியார் வந்தாலும் அதைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம்.

'ரீஃபர் மேட்னஸ்' என்ற 1936ஆம் ஆண்டுப் படம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 'உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்' என்ற பொருள்படும் தலைப்போடு, கஞ்சாவுக்கு எதிரான எச்சரிக்கையாகத்தான் அது முதலில் எடுக்கப்பட்டது. ட்வெய்ன் எஸ்பர் என்ற வியாபாரி அதை வாங்கினார், வெட்டி ஒட்டினார், ஊர் ஊராகக் காட்டிக் காசாக்கினார். எச்சரிக்கையையும் கிளுகிளுப்பையும் ஒரே சுருளில் விற்க முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1945இல் க்ரோகர் பாப் வெளியிட்ட 'மாம் அண்ட் டாட்' இன்னும் ஒரு படி மேலே போனது. உடலைப் பற்றி அம்மா எதுவும் சொல்லித் தராததால் கர்ப்பமாகும் ஒரு பெண்ணின் கதை அது. ஆண்களுக்கு ஒரு காட்சி, பெண்களுக்கு ஒரு காட்சி என்று தனித்தனியாகத் திரையிட்டார்கள். இடைவேளையில் 'நிபுணர்' என்று ஒருவர் மேடையேறிப் பாலியல் சுகாதாரம் பற்றிப் பேசுவார். பேச்சு முடிந்ததும் புத்தக விற்பனை. கூட்டம் எதற்காக வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் 'கல்வி' என்ற போர்வை இருந்ததால் வந்தவருக்கும் கூச்சமில்லை, விற்றவருக்கும் கூச்சமில்லை.

அமெரிக்கப் பழங்கதைக்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை)க் காட்டு ஓரத்தில் இருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் தணிக்கையில் இருக்கிறது. குற்றம் செய்தவன் மீது பார்வையாளருக்கு அனுதாபம் வரக்கூடாது என்பதும், குற்றம் வென்றதாகப் படம் முடியக்கூடாது என்பதும் அந்த அமெரிக்க விதிகளின் சாரம். மலேசியாவில் திரைப்படத் தணிக்கை வாரியம் உள்துறை அமைச்சின் கீழ் இயங்குகிறது. இப்போது நடப்பில் இருப்பது 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம். பதினெட்டு வயதானவர்களுக்கு மட்டும் என்று குறிக்க, 18எஸ்ஜி, 18எஸ்எக்ஸ், 18பிஏ, 18பிஎல் என்று முன்பு போஸ்டர் மூலையில் இருந்த எழுத்துகள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2010இல் அவையெல்லாம் ஒரே 18 பிரிவாகச் சேர்க்கப்பட்டன. பிரிவுகள் மாறினாலும் ஓர் எதிர்பார்ப்பு மாறவில்லை: தப்பு செய்தவன் திருந்த வேண்டும், அல்லது மாட்ட வேண்டும், அல்லது சாக வேண்டும்.

இது படம் எடுப்பவர்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரப் படத்தில் கடைசிப் பத்து நிமிடத்தைச் சரியாக வைத்துவிட்டால், முதல் நூற்றுப்பத்து நிமிடத்தில் பாராங் என்னும் வெட்டுக்கத்தியைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு கம்பீரமாக நடந்தாலும் பெரிய தொல்லையில்லை. தணிக்கையும் கடந்துவிடும், நம் ஊர்ப் பெரியவரும் திருப்தியாகிவிடுவார்.

சமூக விமர்சனம் உள்ள படத்துக்கோ இதே விதி வேறு மாதிரி வேலை செய்கிறது. 2016 ஜூலையில் வந்த 'கபாலி'யை எடுத்துக்கொள்வோம். மலேசியத் தமிழர்களின் கும்பல் வாழ்க்கையை மையமாக வைத்து ரஜினிகாந்தை நடிக்க வைத்த படம். அதன் மூல வடிவத்தின் முடிவில், மறுவாழ்வுப் பள்ளியில் படிக்கும் ஓர் இளைஞனைப் போலீஸ் தன் பக்கம் இழுத்து, நாயகனைச் சுட அனுப்புகிறது. திரை இருண்டு, துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது. மலேசியாவில் வெளியான பிரதியிலோ, கபாலி போலீசிடம் சரணடைந்தார் என்று ஒரு வரி வந்தது. படத்தைப் பற்றி எனக்கு வேறு குறைகள் உண்டு. ஆனால் அந்தப் படம் அதிகாரத்தை நோக்கி வைத்த மிகக் கூர்மையான கேள்வி அந்த முடிவில்தான் இருந்தது. ஒரு பையனைத் திருத்துகிறவர்களும் கெடுக்கிறவர்களும் யார் யார் என்ற கேள்வி அது. நாம் பார்த்த பிரதியில் அந்தக் கேள்விக்கு மேல் ஒரு நல்லொழுக்க வரி ஒட்டப்பட்டது. கட்டாயமாக வைக்கப்படும் நீதி, சுரண்டலுக்குக் குடை பிடிக்கிறது, விமர்சனத்தின் வாயை அடைக்கிறது. இரண்டையும் ஒரே விதியே செய்கிறது.

இது மலேசியாவில் மட்டும் நடந்ததில்லை. 1950இல் லூயிஸ் புனுவல் மெக்சிகோ நகரத்தின் சேரிச் சிறுவர்களை வைத்து 'லாஸ் ஒல்விடாடோஸ்' எடுத்தார். நாட்டையே கேவலப்படுத்திவிட்டார் என்று எழுந்த கோபத்தில் சில நாட்களிலேயே அரங்கிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். மறு ஆண்டு கான் விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்த பிறகுதான் சொந்த ஊரில் பார்வை மாறியது. அந்தப் படத்துக்கு ஒரு மங்களகரமான மாற்று முடிவும் படமாக்கப்பட்டிருந்தது, தொல்லை வந்தால் மாட்டிக்கொள்ள. புனுவல் வெளியிட்டது அதை அல்ல. அந்த மாற்று முடிவோடு வந்திருந்தால் இன்று அதைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

மலாய்ப் படவுலகத்தில் இந்த உத்தி வெளிப்படையாகவே தெரியும். 2009இல் சியாம்சுல் யூசோப் இயக்கிய 'போசியா' படத்தின் தலைப்பிலேயே, 'இருண்ட பாதையைத் தேர்ந்தெடுக்காதே' என்ற அறிவுரை சேர்ந்திருந்தது. இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர்கள், அவர்களோடு சுற்றும் பெண்கள் பற்றிய படம். தலைப்பில் அறிவுரை, போஸ்டரில் அறிவுரைக்கு எதிரான கவர்ச்சி. அதே இயக்குநரின் 'கேஎல் கேங்ஸ்டர்' 2011இல் 11 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் வசூலித்தது. அதற்குப் பிறகு கும்பல் கதைகளுக்குத் தயாரிப்பாளர் கிடைப்பது கஷ்டமாக இருக்கவில்லை.

நம் மக்கள் ஏன் மெசேஜ் என்ற ஒன்றையே பிடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கும் ஒரு பின்னணி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்கப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது. 1946இல் தொடங்கப்பட்ட மலாயன் ஃபிலிம் யூனிட் எடுத்த படங்களைத் தகவல் இலாகாவின் வேன்கள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் கொண்டுபோய், திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டின. சுகாதாரம், அரசாங்க அறிவிப்பு, கம்யூனிஸ்ட் எதிர்ப்பு என்று எல்லாமே பாடம்தான். தோட்டத்து ஜனங்களுக்குத் திரை என்பது ஆரம்பத்திலிருந்தே மேலே இருக்கும் ஒருவர் கீழே இருப்பவருக்குப் புத்தி சொல்லும் இடமாக இருந்தது. எம்.ஜி.ஆர் படங்கள் வந்தபோதும் நாம் தேடியது புத்திமதிப் பாட்டைத்தான். படத்தை மெசேஜால் எடை போடும் பழக்கம் நமக்குப் பாட்டன் காலத்திலிருந்து ஊட்டப்பட்டது. அதற்காக யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் அதை வைத்துச் சம்பாதிக்கிறார்கள்.

தமிழ்நாட்டுப் படங்களுக்கு வருவோம், ஏனென்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் பார்ப்பது அவற்றைத்தான். 2002இல் வந்த 'துள்ளுவதோ இளமை' தனுஷின் முதல் படம். வீட்டில் அன்பும் மரியாதையும் கிடைக்காத பள்ளி மாணவர்கள் சேர்ந்து ஓடிப்போகிறார்கள். செல்வராகவன் எழுதிய அந்தக் கதையில் பெற்றோர்களைப் பற்றிய கோபம் நிஜமானது. குடிக்கிற அப்பா, அடிக்கிற அப்பா, கவனிக்காத வீடு எல்லாம் அன்றைக்கு நம் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) வளர்ந்த பையன்களுக்குத் தங்கள் வீடு மாதிரியே இருந்தன. ஆனால் கூட்டம் அந்தக் கோபத்துக்காக மட்டும் வரவில்லை, கேமரா அந்தப் பிள்ளைகளின் உடம்பைப் பார்த்த பார்வைக்காகவும் வந்தது. ஒரே படத்துக்குள் இரண்டும் இருந்தன. அடுத்த ஆண்டு ஷங்கரின் 'பாய்ஸ்' வந்தபோது எதிர்ப்பு இன்னும் பலமாக எழுந்தது. ஆனந்த விகடன் ஒரே சொல்லில் முகம் சுளித்து விமர்சனத்தை முடித்தது. எனக்கு அந்த ஒரு சொல் விமர்சனம் இன்றும் போதவில்லை. அருவருப்பு ஒரு நேர்மையான உணர்ச்சிதான். ஆனால் எந்தக் காட்சி பிள்ளைகளின் நிலையைப் புரிய வைக்கிறது, எந்தக் காட்சி அவர்களை விற்கிறது என்று பிரித்துச் சொல்லாமல் விட்டால், அடுத்து வருபவர் அதே வேலையை இன்னும் சாமர்த்தியமாகச் செய்வார்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. நம்முடைய சந்தேகம் எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. 2025 ஜனவரியில் 'பேட் கேர்ள்' படத்தின் டீசர் வந்ததும், ஒரு பள்ளி மாணவியின் ஆசைகளைக் காட்டியதற்காகப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டீசரை இணையத்திலிருந்து நீக்கச் சொன்னது. வயது குறைந்தவர்களைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பது கேட்க வேண்டிய கேள்விதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த டீசரைப் பார்த்துக் கொதித்த இதே ஊரில், பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஆளை வெட்டும் காட்சிக்குக் கைதட்டல் விழுகிறது. பெண் பிள்ளை ஆசைப்பட்டால் கலாசாரம் கெடுகிறது, ஆண் பிள்ளை வெட்டினால் படம் 'மாஸ்' ஆகிறது. இந்த ஊரில் நாம் அடக்கம் செய்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆசைப்பட்டதால் செத்தார்கள், எத்தனை பேர் வெட்டுப்பட்டுச் செத்தார்கள் என்று ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கட்டும்.

சரி, மெசேஜை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது நேரத்தை. படம் தன் நேரத்தையும் உழைப்பையும் எங்கே செலவழிக்கிறது? வெட்டுக்குத்துக் காட்சிக்கு ஸ்லோமோஷன், தாழ்வான கேமராக் கோணம், அதற்கென்றே போட்ட பின்னணி இசை. வெட்டுப்பட்டவனின் அம்மாவுக்குப் பத்து விநாடி அழுகை. ஜெயிலுக்குப் போனவனின் ஏழு ஆண்டுக்கு ஒரே ஒரு 'கட்'. இப்படி இருந்தால் இயக்குநர் எதை விரும்பி எடுத்தார் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கைப்பேசியில் பையன்கள் வெட்டிப் பகிர்கிற துண்டுகளைப் பாருங்கள். கடைசிப் பத்து நிமிட நீதியை யாரும் வெட்டிப் பகிர்வதில்லை. நாயகன் காரிலிருந்து இறங்கும் காட்சிதான் போகிறது, இசையோடு. இறுதி ஊர்வலங்களில் கும்பல் கொடியும் கும்பலின் அடையாள எண்ணும் காட்டக்கூடாது என்று போலீஸ் எச்சரிக்கும் நாட்டில், அந்த இசைதான் சில ஊர்வல வீடியோக்களில் ஒட்டப்படுகிறது.

அடுத்து, காரணம். இதில்தான் நம் ஊர்க் கதைக்கும் வெளியிலிருந்து இறக்குமதியான கதைக்கும் வித்தியாசம் துல்லியமாகத் தெரியும். கும்பலில் சேர்ந்த ஒரு தமிழ்ப் பையனைக் காட்டும் படம், அவன் தாத்தாவின் தோட்டம் எங்கே போயிற்று என்று கேட்கிறதா? 1950களில் தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்பது, தொடங்கியது. அதைச் சமாளிக்கத் தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டி 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்த, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் இதே சுங்கை சிப்புட்காரர். அந்த முயற்சியால் சில தோட்டங்கள் தப்பின, பல தப்பவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். 1980களிலும் 90களிலும் நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறியது. அந்த இரண்டு பத்தாண்டுகளில் தோட்டங்களை விட்டு வெளியேற்றப்பட்ட இந்தியர்கள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் என்று பரவலாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. லயத்து வீடு போயிற்று. அதோடு கோயில், திடல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, பக்கத்து வீட்டு அத்தை மாமாவின் கண்காணிப்பு எல்லாம் போயின. புறம்போக்குக் குடியிருப்பிலும் மலிவு விலை அடுக்குமாடியிலும் வந்து விழுந்த குடும்பத்தில் அப்பாவும் அம்மாவும் ஷிப்டு வேலைக்குப் போக, பையனைக் கும்பல் பார்த்துக்கொண்டது.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைப் பெயர் சொல்லிச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. அவற்றின் உறுப்பினர்கள் 40,000 பேருக்கு மேல், அதில் 70 விழுக்காட்டுக்கும் அதிகமானவர்கள் இந்தியர்கள் என்றும் சொன்னது. நாட்டின் மக்கள் தொகையில் நாம் அப்போது ஏறக்குறைய 7 விழுக்காடு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் கதையைத்தான் ஒரு படம் சொல்ல வேண்டும். பையனின் முகத்தையும் பாராங்கையும் மட்டும் காட்டிவிட்டு நிலத்தை விற்றவர், சம்பளத்தைக் குறைத்தவர், பள்ளியில் கடைசி வகுப்பில் தள்ளி மறந்தவர் யாரையும் காட்டாத படம், என்ன மெசேஜ் சொன்னாலும் பையனைத்தான் குற்றவாளியாக்குகிறது.

ஷான்ஜெய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வெளியான மலேசியத் தமிழ்ப் படம் 'ஜகாட்' இந்தச் சோதனையில் தேறுகிறது. 90களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தில் வளரும் அப்போய் என்ற 12 வயதுப் பையனின் கதை. துறுதுறுப்பும் கற்பனையும் உள்ள அந்தப் பையனுக்கு வீட்டிலும் பள்ளியிலும் கிடைப்பது அடிதான். கும்பலில் இருக்கும் சித்தப்பாதான் அவனை ஒரு ஆளாக மதிக்கிறார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இந்தப் படத்தையும் விரும்பவில்லை. "நம்ம இனத்தைக் கேவலமாக் காட்டிட்டான்" என்றார்கள். மெக்சிகோவில் புனுவலைத் திட்டியவர்கள் சொன்னதும் இதையேதான். நமக்கு வெட்கமாக இருக்கிறது என்பதால் ஒரு படம் சுரண்டல் ஆகிவிடாது. 'ஜகாட்' என்னைச் சங்கடப்படுத்தியது உண்மை. பாராங்கால் அல்ல, பையனின் வீட்டுப்பாட நோட்டால். 2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் மொழியை வைத்துப் படங்களைப் பிரித்ததற்கு எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை இந்தத் தமிழ்ப் படம் வாங்கியது. ஆனால் அது ஓடிய அரங்குகளின் எண்ணிக்கையை ரஜினி படத்தோடு ஒப்பிடவே முடியாது.

இனி, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிற ஒன்று: திரையில் வந்த நிஜப் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று? இப்படிப்பட்ட படங்கள் 'உண்மைத்தன்மை' வேண்டி, தெருவிலிருந்தே பிள்ளைகளை எடுக்கின்றன. 1980இல் ஹெக்டர் பாபென்கோ இயக்கிய பிரேசில் படம் 'பிஷோட்டே'. சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பும் தெருச் சிறுவர்களைப் பற்றியது. அரசையும் போலீசையும் அது விட்டு வைக்கவில்லை. எந்த அளவுகோலிலும் அது சமூக விமர்சனம்தான். நாயகனாக நடித்த ஃபெர்னான்டோ ராமோஸ் டா சில்வா, சாவோ பாவ்லோ புறநகர் ஏழைக் குடும்பத்துப் பையன். நடிப்பைத் தொடர முயன்றார், நிலைக்கவில்லை. 1987இல், 19 வயதில், போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார். படம் எச்சரித்தது எதுவோ அதுவே அவருக்கு நடந்தது. படம் உலகம் சுற்றியது.

1995இல் வந்த லாரி கிளார்க்கின் 'கிட்ஸ்', நியூயார்க்கின் ஸ்கேட்போர்டு ஓட்டும் பிள்ளைகளையே வைத்து எடுக்கப்பட்டது. எய்ட்ஸ், போதை, பெண் பிள்ளைகளிடம் பையன்கள் நடந்துகொள்ளும் விதம் எல்லாவற்றையும் அப்பட்டமாகக் காட்டியது. டிஸ்னிக்குச் சொந்தமாக இருந்த மிராமேக்ஸ் நிறுவனம் அதைத் தன் பெயரில் வெளியிட முடியாமல், அதற்காகவே தனி நிறுவனம் தொடங்கி வெளியிட்டது. இது விழிப்பு மணியா, விடலைகளின் உடலைப் பார்க்க ஒரு சாக்கா என்று அன்று தொடங்கிய விவாதம் இன்றும் முடியவில்லை. அதில் நடித்த ஜஸ்டின் பியர்ஸ் 2000இலும் ஹெரல்ட் ஹன்டர் 2006இலும் இளம் வயதிலேயே இறந்தார்கள். 2021இல் வந்த ஓர் ஆவணப்படத்தில், உயிரோடு இருக்கும் நண்பர்கள் சிலர், படம் கோடிகளைப் பார்த்தபோது தங்களுக்குக் கிடைத்தது சொற்பம் என்ற மனத்தாங்கலைப் பேசினார்கள். பிள்ளைகளுக்கு நேர்ந்ததற்கெல்லாம் படமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டவர்கள் அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் கூட வந்தார்கள் என்று கேட்கிறேன்.

கூட வர முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1988இல் 'சலாம் பாம்பே' எடுத்த மீரா நாயர், அதில் நடித்தவர்களைப் போன்ற தெருப் பிள்ளைகளுக்காகச் சலாம் பாலக் அறக்கட்டளை தொடங்கக் காரணமாக இருந்தார். அது இன்றும் இயங்குகிறது. அப்படியும், தேசிய விருது வாங்கிய அதன் சிறுவன் ஷஃபிக் சையத் பின்னாளில் பெங்களூரில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தார். உழைத்துப் பிழைப்பதில் இழிவேதும் இல்லை. ஆனால் ஒரு நல்ல எண்ணமும் ஒரு நல்ல அறக்கட்டளையும்கூட எல்லாப் பிள்ளையையும் எட்டவில்லை என்றால், எந்த ஏற்பாடும் இல்லாத படக்குழுவின் பேட்டிகளை நம்பி நாம் எதைக் கொடுப்பது?

விளம்பரத்தையும் மறக்கக்கூடாது. 2020இல் 'மின்யோன்' என்ற பிரெஞ்சுப் படத்தை நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. சிறுமிகள் சீக்கிரமே பாலியல் பொருளாக்கப்படுவதைக் கண்டிக்கவே எடுத்தேன் என்றார் இயக்குநர் மைமூனா டுகூரே. பிரெஞ்சு போஸ்டரில் சிறுமிகள் பைகளோடு தெருவில் குதூகலமாக ஓடினார்கள். நெட்ஃபிளிக்ஸ் போட்ட போஸ்டரோ அவர்களை மேடையில் ஆபாசமான கோணத்தில் நிறுத்தியது. எதிர்ப்பு வந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு போஸ்டரை மாற்றியது. படத்தைப் பார்த்தவர்களைவிட அந்த போஸ்டரைப் பார்த்தவர்கள்தான் அதிகம். படத்துக்குள்ளும் சில காட்சிகள் கண்டிக்க வந்ததையே செய்துவிட்டன என்று விமர்சகர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எப்படியிருந்தாலும், சுரண்டல் எடிட்டிங் அறையில் மட்டும் நடப்பதில்லை, விற்பனை அறையிலும் நடக்கிறது. சுங்கை சிப்புட்டில் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கைப்பேசிக்கு வருவது படம் இல்லை, ட்ரெய்லரும் துண்டுக் காட்சியும்தான். தணிக்கை வாரியத்தின் எந்த எண்ணும் அதன்மேல் எழுதப்பட்டிருக்காது.

இதெல்லாம் தூரத்து விஷயம் இல்லை. குறும்படமோ வெப் சீரிஸோ எடுக்கக் கோலாலம்பூரிலிருந்து குழுக்கள் நம் பக்கத்து லயத்து வீடுகளையும் பழைய ஆலைக் கொட்டகைகளையும் தேடி வருகின்றன. 'முகம் நேச்சுரலா இருக்கு' என்று நம் பையன்களை நிற்க வைக்கிறார்கள். கும்பல் காட்சிதான் பெரும்பாலும். பையனுக்குச் சந்தோஷம், அம்மாவுக்கும் பெருமை. சாப்பாடு போடுகிறார்கள், கொஞ்சம் கைச்செலவுக்குக் கொடுக்கிறார்கள், படம் முடிகிறது. ஆறு மாதம் கழித்து யூடியூபில் அந்தப் பையன் பாராங்கோடு நிற்கிறான். வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதிலும் அந்தப் படம் அங்கேயேதான் இருக்கும்.

வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. இந்த ஊரில் நடப்பதை மூடி மறைத்ததால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். வரட்டும், எடுக்கட்டும், நம்மைச் சங்கடப்படுத்தட்டும். ஆனால் 1966ஆம் ஆண்டின் சிறார் மற்றும் இளையோர் வேலைச் சட்டத்தின்படி, பொதுக் கேளிக்கைகளில் சிறாரைப் பயன்படுத்த உரிமம் வேண்டும். அதை எடுத்தீர்களா என்று பெற்றோர் முதலில் கேட்க வேண்டும். கதை முழுவதையும் தமிழில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வேண்டும். பையன் வரும் காட்சியை எடிட்டிங் முடிவதற்கு முன் அவனுக்கும் வீட்டாருக்கும் காட்ட ஒப்புக்கொள்கிறார்களா என்றும், சம்பளத்தைத் தாளில் எழுதுவார்களா என்றும் கேட்க வேண்டும். படம் தயாரானதும் கோலாலம்பூர் அரங்கில் பத்திரிகையாளர்களுக்குப் போடுவதற்கு முன்னால், இங்கே சமூக மண்டபத்தில், வீட்டைக் கொடுத்தவர்களும் பிள்ளையைக் கொடுத்தவர்களும் உட்கார்ந்து பார்க்க ஒரு காட்சி போடச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எழுகிற கேள்விகளுக்கு இயக்குநர் எங்கள் முன்னால் நின்று பதில் சொல்லட்டும்.